கோணி ஊசியில் தைத்த புத்தகம்

போடிமெட்டில் ஜீப்பை விட்டு இறங்கி, தோளில் ஓர் உரச்சாக்கோடு காசிமாயன் ஒற்றையடிப் பாதையில் வருவதைப் பார்த்தபோது, மதுரையிலிருந்து பலகாரம் வருகிறது என்றுதான் ராமுத்தாய் நினைத்தாள். ஐப்பசி மாதம். மேகம் மலையை விட்டு நகரமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. துவைத்துப் போட்ட சேலை காயவில்லை, விறகு பற்றவில்லை, உப்புச் சட்டியில் தண்ணீர் நின்றது. இந்தக் குளிருக்கு ஒரு பொட்டலம் காராச்சேவு வந்தால்கூடப் போதும் என்று வரக்காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

சாக்கைப் பிரித்தால் உள்ளே ஒரு துண்டு. துண்டுக்குள் இரண்டு புத்தகங்கள். ஒன்று சிவப்பு அட்டை, நல்ல பருமன். மற்றது நீலம், கொஞ்சம் இளைத்தது.

"என்ன மச்சான், பலகாரம்னு பாத்தா செங்கலைக் கொண்டாந்திருக்க."

"புத்தகம் புள்ள. ஈரம் படாம வைக்கணும். வாத்தியாரோட சொந்தப் புத்தகம்."

"இந்த மலையில ஈரம் படாத எடம் எங்கிருக்கு? என் மண்டைக்குள்ளதான் வைக்கணும்."

காசிமாயன் அவளுக்கு அத்தை மகன். பிறந்ததிலிருந்து வா, போ தான். தாலி கட்டியதற்காக அதை மாற்றிக்கொள்ள அவளுக்கு வாய் வரவில்லை. அவன் சிலமலைக்காரன், போடியில் பி.ஏ. வரைக்கும் படித்தவன். படித்த படிப்புக்கு ஒருவரும் கூப்பிட்டு வேலை கொடுக்காததால் அப்பன் மலையில் வாங்கிப் போட்டிருந்த ஏலத்தோட்டத்துக்கு வந்து சேர்ந்தான். பள்ளிக்கூடங்களில் பிளஸ் டூ புதிதாக வந்திருந்தது. எம்.ஏ. முடித்தால் வாத்தியார் வேலைக்கு வழி பிறக்கும் என்று யாரோ சொல்ல, தபாலில் அரசியல் படித்தான். தபாலில் படிக்கிற படிப்புக்கு இவன் எதற்கு அடிக்கடி நேரில் மதுரைக்குப் போகிறான் என்பது சிலமலையில் இன்னும் தீராத சந்தேகம்.

இந்தத் தடவை வகுப்பெடுத்த வாத்தியார் இரண்டு புத்தகத்தையும் கையில் கொடுத்து, புரட்டிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதிவரச் சொல்லியிருந்தார். அடுத்த வகுப்புக்கு வரும்போது மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கட்டுரை தேறினால்தான் பரீட்சைக்கு உட்கார முடியும்.

"ரெண்டும் என்ன கதை?" என்றாள் காப்பியை ஆற்றிக்கொண்டே.

"கதை இல்ல. நாடுக ஒண்ணுக்கொண்ணு படைக்கூட்டு போட்டுக்கிருதுகள்ல, அதைப் பத்தி. உன்னை ஒருத்தன் அடிச்சா என்னை அடிச்ச மாதிரி, நான் ஓடி வருவேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கிறது."

"நம்ம தகரம் மாதிரியா?"

காசிமாயன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கிட்டத்தட்ட" என்றான்.

தகரத்தின் சங்கதி இது. பக்கத்துத் தோட்டம் ஞானதுரையுடையது. போடியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர், கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மனைவி ரெபேக்காளோடு மலையேறியவர். ஏலக்காய் எடுப்புக் காலத்தில் களவு அதிகம். செடியின் காலடியில் தரையோடு படர்ந்து கிடக்கும் காய்ச் சரத்தையே உருவிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் இரண்டு வீடும் கூடிப் பேசி, ஆளுக்கொரு மண்ணெண்ணெய்த் தகரத்தை வாசலில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஒரு வீட்டில் தகரம் அடித்தால் மறு வீட்டில் பதிலுக்கு அடித்துவிட்டு, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். ஞானதுரை பைபிளைத் தொட்டுச் சொன்னார். காசிமாயன் விளக்கைத் தொட்டுச் சொன்னான். ரெபேக்காள் பொங்கல் வைத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து திருடன் ஒருவன் பிடிபட்டான், பன்றிகள் பலமுறை விரட்டப்பட்டன, ஒரு தடவை ஞானதுரையின் மாமனாரையே இருட்டில் விரட்டிவிட்டார்கள்.

மற்ற நாடுகளைப் பற்றிப் படித்துக்கொண்டு காசிமாயன் சும்மா இருந்திருப்பான். ஈரானும் ஈராக்கும் மோதிக்கொள்ளத் தொடங்கியிருந்த வருஷம்; ரேடியோவில் சேதி கேட்டுவிட்டு, அரபுநாட்டுக்குக் காய் போகுமா போகாதா என்று கவலைப்படுவதோடு முடிந்திருக்கும். ஜக்கையன்தான் புத்தகத்தில் இருந்த வழக்கை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்.

அந்தச் சரிவில் காய் உலர்த்தும் ஸ்டோர் ஜக்கையனுடையது மட்டும்தான். எடுத்த பச்சைக்காயை இரண்டொரு நாளுக்குள் சூட்டில் போடாவிட்டால் நிறம் வெளுத்துவிடும், வெளுத்த காயை வியாபாரி ஏறெடுத்தும் பார்க்கமாட்டான். சின்னத் தோட்டக்காரர்கள் எல்லாரும் அவர் ஸ்டோருக்குத்தான் சுமந்தாக வேண்டும். ராமுத்தாய் அடுத்த வாரம் பச்சைக்காய் மூட்டையை இறக்கியபோது அவரே வெளியில் வந்து நின்றார். அதட்டிப் பேசுகிற ஆள் இல்லை. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு மெதுவாகப் பேசுவார், அதுதான் பயம்.

"உங்க கூட்டாளி ஞானதுரை பாதையில முள்வேலி போட்டிருக்காரு தெரியுமா?"

"பாத்தேன்."

"ரொம்ப நாளா எல்லாரும் நடந்த பாதை. ஜீப்பு போக நான் அதை அகலப்படுத்தணும். அவரு தோட்டத்துல கொஞ்சம் செடி போகும். காசு தர்றேன்னேன். கேக்கல, வேலியைப் போட்டுட்டாரு. நான் பிரிக்கத்தான் போறேன்."

ராமுத்தாய் மூட்டைக் கட்டை அவிழ்க்கக் குனிந்தாள்.

"தகரம் எதுக்குன்னு பேசினீங்க? களவாணிக்கும் பன்னிக்கும். நான் களவாணியா, பன்னியா? அதனால அவரு தகரம் அடிச்சா உன் வீட்டுக்காரன் வரவேண்டிய சோலி இல்ல. வந்தான்னா, பச்சைக்காயை வேற எங்கிட்டாவது தூக்கிட்டுப் போங்க. கோவத்துல சொல்லலம்மா. வரமுறையைச் சொல்றேன்."

வேற எங்கிட்டு என்றால் ஒரு மலையைத் தாண்டிப் போக வேண்டும். மழைக்காலத்தில் அது நடக்கிற காரியமில்லை. காய் எடுப்பு பாதிகூட ஆகவில்லை. அடுத்த வருஷம் சோறு தின்பது இந்தக் காயில்தான். வீட்டுக்கு வந்து அத்தனையையும் புருஷனிடம் கொட்டினாள்.

கேட்டுவிட்டுக் காசிமாயன் பதறவில்லை. "இதுக்குத்தான புள்ள புத்தகம் இருக்கு" என்று கட்டிலில் ஏறி உட்கார்ந்துவிட்டான். ராமுத்தாய்க்கு அவனைத் தூக்கி அடுப்பில் வைக்கலாமா என்று இருந்தது.

சிவப்பைப் படித்தான். அன்று சாப்பிடும்போது, "எழுத்துல இருக்கோ இல்லையோ, கூட்டுன்னு போட்டா போய் நிக்கணுமாம். ஒருக்கா போகலைன்னா பெறகு ஒருத்தனும் நம்மளை நம்பமாட்டானாம். நான் போறேன்" என்றான்.

மறுநாள் நீலத்தைப் படித்தான். கருவாட்டுக் குழம்பைப் பிசைந்துகொண்டே, "சின்ன நாடுக பாதி அழிஞ்சது எதிரியால இல்லியாம், கூட்டாளியாலயாம். கூட்டாளி தைரியத்துல ஒருத்தன் வம்பிழுப்பான், அடி இன்னொருத்தனுக்கு விழும். ஞானதுரையண்ணன் நம்மளைக் கேட்டா வேலி போட்டாரு? நான் போகல" என்றான்.

அதற்கடுத்த நாள் மறுபடி சிவப்பு.

"மச்சான், ஒரு முடிவுக்கு வா. உன் முகத்தைப் பாத்துத்தான் நான் உலை வைக்கணுமா வேண்டாமான்னு தெரியணும்போல இருக்கு."

"ரெண்டு பேருமே ஆதாரத்தோட எழுதுறாய்ங்க புள்ள. நான் என்ன செய்ய?"

ராமுத்தாய் தானே ஒரு முடிவுக்கு வந்தாள். சிவப்புப் புத்தகத்தைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் புதைத்தாள். நீலத்தைக் கட்டிலில் தலைமாட்டில் வைத்தாள். சிவப்பு எங்கே என்று அவன் கேட்டான். "எனக்கென்ன தெரியும், உன் சாக்குல பாரு" என்றாள். அவன் சாக்கில் பார்த்தான், பரணில் பார்த்தான், பிறகு நீலத்தையே படித்தான். வீடு அமைதியாக இருந்தது.

அவள் மனசுதான் அமைதியாக இல்லை. போன வருஷம் ஆடியில் அவளுக்கு வயிற்றில் தங்கியது தங்காமல் போய்விட்டது. ரத்தம் நிற்கவில்லை. காசிமாயன் சிலமலைக்குப் போயிருந்த நேரம். தவழ்ந்துபோய் அந்தத் தகரத்தைத்தான் அடித்தாள். ரெபேக்காள் மழையில் ஓடிவந்து, கம்பளியில் தூளி கட்டி, புருஷன் ஒரு முனையும் வேலையாள் ஒரு முனையுமாகப் போடிமெட்டு வரை தூக்கிவரச் செய்து, ஜீப்பில் அத்தனை கொண்டை ஊசி வளைவுக்கும் அவள் தலையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வாந்தியெடுத்தது முழுக்க அவள் சேலையில்தான். அன்று வந்தது களவாணியா, பன்னியா? ரெபேக்காள் என்றால் ராமுத்தாய்க்கு உயிர். அந்த உயிரைத்தான் அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

அந்த வாரம் பெய்த மழையில் கூரைத் தகரம் ஒழுகியது. நீலப் புத்தகம் ஊறிப்போய் இட்லித் துணி கணக்காகக் கிடந்தது. பானையைத் திறந்து பார்த்தால் சிவப்பு அட்டையிலும் பூஞ்சணம். வாத்தியார் புத்தகம். காசிமாயன் உரம் வாங்கப் போடிக்குப் போயிருந்தான், திரும்பிவர இரண்டு நாளாகும். வருவதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்று ராமுத்தாய்க்குச் சட்டென்று ஒரு யோசனை தோன்றியது. இந்த மலையில் நனைந்தது எதுவாக இருந்தாலும் காய்வது ஓர் இடத்தில்தான். பச்சைக்காய் மூட்டையோடு இரண்டையும் ஸ்டோருக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஸ்டோரில் நெருப்புப் போடுகிற அமாவாசை அவளையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இதையுமா காய வைக்கணும்?"

"ஏண்ணே, காய்க்கு ஒரு சூடு, காகிதத்துக்கு ஒரு சூடுன்னு தனியா வச்சிருக்கியா? ஓரமா ஒரு தட்டுல பரப்பி வை."

"முதலாளி பாத்தா?"

"அவரு ஸ்டோருக்குள்ள என்னைக்கு வந்தாரு? நீ வை."

அமாவாசை சொன்னதைச் செய்கிற ஆள். சொல்லாததையும் செய்வான். மறுநாள் அவள் போனபோது கம்பிவலைத் தட்டு நிறையத் தாள் தாளாகக் குவிந்து கிடந்தது. அட்டை இரண்டும் தனியாகச் சுருண்டிருந்தன. சூட்டில் பசை இளகி விட்டுவிட்டது. அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை.

"என்னண்ணே பண்ணுன?"

"காயைக் கிளறுற மாதிரித்தான் ஆத்தா கிளறினேன். அடியில இருக்கிறது காயணும்ல."

முறைக்கு முறை, ராத்திரி பகல் பார்க்காமல், பக்கத்துத் தட்டில் காயைக் கிளறும்போதெல்லாம் இரண்டு புத்தகத்தையும் ஒழுங்காகக் கலந்து கிளறிவிட்டிருந்தான். ஒன்று சொல்ல வேண்டும், நன்றாகக் காய்ந்திருந்தது. தாளுக்குத் தாள் ஏலக்காய் மணம்.

ராமுத்தாய் அவ்வளவையும் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்து வீட்டில் பரப்பினாள். இங்கிலீசு தெரியாது, நம்பர் தெரியும். மூட்டைக்கு நம்பர் போடுகிறவள்தானே. ஒவ்வொரு நம்பரிலும் இரண்டிரண்டு தாள் இருந்தன. எது எந்தப் புத்தகத்தது என்று கண்டுபிடிக்க அவளுக்கு வழியில்லை. அதனால் தாளின் முன்பக்க நம்பரைப் பார்த்து ஒன்று, ஒன்று, மூன்று, மூன்று என்று வரிசையாக அடுக்கினாள். நீலம் முடிந்துபோக, சிவப்பின் மிச்சம் கடைசியில் ஒற்றையாக நின்றது. சாக்குத் தைக்கிற கோணி ஊசியில் சணலைக் கோத்து, மேலே சிவப்பட்டை, கீழே நீல அட்டையாக வைத்து இறுக்கித் தைத்தாள். கையில் தூக்கிப் பார்த்தாள். இரண்டு புத்தகத்தை விட ஒரு புத்தகம் கெட்டியாகத்தான் இருந்தது.

காசிமாயன் வந்தான். பார்த்தான். தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ராமுத்தாய் அழுதுவிட்டாள். "நனைஞ்சிருச்சு மச்சான். நல்லது பண்ணுறதா நெனச்சுத்தான் பண்ணேன்" என்றாள். அவன் திட்டவில்லை. ஒரு தாளைப் புரட்டினான். அடுத்ததைப் புரட்டினான். உதடு கோணியது.

"என்ன போட்டிருக்கு?"

"'ஆகவே கூட்டாளிக்கு உதவுவதே'ன்னு ஒருத்தன் ஆரம்பிக்கிறான். 'முட்டாள்தனம்'னு இன்னொருத்தன் முடிக்கிறான்" என்று சொல்லி, சிரிப்பை அடக்க முடியாமல் கட்டிலில் சாய்ந்துவிட்டான். கண்ணீரோடு அவளும் சிரித்தாள். சிவப்பு எங்கிருந்து கிடைத்தது என்று அவன் கேட்கவே இல்லை. அது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் காலை மேகம் விலகி வெயில் எட்டிப் பார்த்தது. இருவரும் செடிகளுக்கிடையில் குந்தி, சரம் சரமாகக் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மூட்டை இரண்டு நிறைந்திருந்தது, மத்தியானம் ஸ்டோருக்குக் கொண்டுபோக வேண்டியது. அப்போது கீழேயிருந்து தகரம் அடித்தது.

காசிமாயனின் கை நின்றது. ராமுத்தாய் மூட்டைகளைப் பார்த்தாள். தகரம் விடாமல் அடித்தது. ஞானதுரை அடித்தால் வேகமாகத் தடதடவென்று அடிப்பார். இது நிறுத்தி நிறுத்தி அடித்தது. ரெபேக்காள் அடிக்கிறாள்.

"என்ன செய்யலாம்?" என்றான் காசிமாயன். அவள் எழுந்து வீட்டைப் பார்த்து நடந்தாள். நடை ஓட்டமானது. வாசலில் தொங்கிய தகரத்தை அரிவாள் பிடியால் ஓங்கி அடித்தாள். ஸ்டோர் வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் அடித்தாள். திரும்பிப் பார்த்தபோது காசிமாயன் அவளைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தான்.

வேலியைப் பாதி பிரித்திருந்தார்கள். ஜக்கையன் ஜீப்பில் சாய்ந்து நின்றார். அவருடைய ஆட்கள் காய் நிறைந்த செடியை வெட்டத் தொடங்கியிருந்தார்கள். அமாவாசையும் அரிவாளோடு நின்றான். கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிக்கொண்டிருந்தார் ஞானதுரை. ராமுத்தாய் நேராகப் போய் ரெபேக்காளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வந்துட்டியா தாயி" என்றாள் ரெபேக்காள். "வராம?" என்றாள் ராமுத்தாய்.

காசிமாயன் ஞானதுரைக்கு முன்னால் போய் நின்றான். "அண்ணே, கடப்பாரையைக் கீழ போடுங்க. நீங்க வேலி போட்டது தப்பு. அதை அப்புறம் பேசுவோம்." பிறகு ஜக்கையனைப் பார்த்து, "செடியை வெட்டாதீங்க. சிலமலைப் பெரியவங்களை வச்சுப் பேசுவோம். அதுவரைக்கும் நாங்க இங்கனதான் நிப்போம்" என்றான்.

அமாவாசை அரிவாளை இடுப்பில் செருகிவிட்டு வேறு பக்கம் பார்த்தான். மற்றவர்களும் கையை நிறுத்தினார்கள். ஜக்கையன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "சரி, பேசுவோம்" என்றார். ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகு, அதே மெதுவான குரலில், "ஆனா நான் சொன்ன சொல்லு சொன்னதுதான் காசிமாயா. காயைக் கொண்டுவராத" என்றார்.

"நான் ஒத்தையாவே சமாளிச்சிருப்பேன்" என்றார் ஞானதுரை, ஜீப்பின் சத்தம் தேய்ந்த பிறகு. ரெபேக்காள் அவரைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

பேச்சுவார்த்தை சிலமலைச் சாவடியில் நடந்தது. ஞானதுரை வேலியைப் பிரித்தார். ஜக்கையன் செடியை விட்டு ஓரமாகப் பாதை போட்டுக்கொண்டார். ஸ்டோர் மட்டும் இரண்டு வீட்டுக்கும் திறக்கவில்லை. ஞானதுரை வீட்டுப் பெரிய அடுப்புக்கு மேல் கம்பிவலையைக் கட்டித் தொங்கவிட்டு, இரண்டு வீட்டுக் காயையும் அதில் உலர்த்திப் பார்த்தார்கள். ஒரு பக்கம் கருகியது, ஒரு பக்கம் வெளுத்தது, எல்லாப் பக்கமும் புகை மணத்தது. போடியில் அதைக் கையில் எடுத்துப் பார்த்த வியாபாரி, கழிவுக் காய்க்குச் சொல்கிற விலையைச் சொன்னான். அந்த வருஷம் அவர்களுக்குக் கைக்கும் வாய்க்கும் எட்டவில்லை, அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

ஒரு சாயங்காலம் ஞானதுரை வீட்டில் அந்த அடுப்புக்குப் பக்கத்தில் ராமுத்தாய் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். மழை பெய்தது. காசிமாயன் தைத்த புத்தகத்தை மடியில் வைத்திருந்தான். அடுத்த வகுப்பு நெருங்கிவிட்டது.

"மச்சான், ஒண்ணு சொல்லணும். சிவப்பை நான்தான் ஒளிச்சு வச்சேன்."

"தெரியும். அரிசிப் பானையில."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எப்பருந்து?"

"மறுநாளே. அரிசி அள்ளும்போது கையில தட்டுச்சு."

"பெறகு ஏன் எடுக்கல?"

காசிமாயன் புத்தகத்தின் சணல் தையலை விரலால் தடவினான். "அது கையில இருந்தா போகணும்னு சொல்லும். எனக்கும் பயமா இருந்துச்சு புள்ள. நீ ஒளிச்சது வசதியாப் போச்சு."

ராமுத்தாய்க்கு அவன்மேல் கோபம் வரவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன்மேல் இவ்வளவு பிரியம் என்றைக்கும் வந்ததில்லை என்றுதான் தோன்றியது. அடுப்படியிலிருந்து எழுந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சரி, எந்தப் புத்தகத்தை எழுதப் போற? சிவப்பைத்தான?"

"நீலத்தை."

"அது போகாதன்னுல்ல சொல்லுச்சு. நாமதான் போயிட்டோமே."

"போனா என்னென்ன போகும்னு அது சொன்னதெல்லாம் சரியா நடந்திருச்சு. ஸ்டோரு போச்சு, காய் போச்சு. பொய் சொல்லலை. சிவப்பு சொன்னதை நாம செஞ்சே காட்டியாச்சு, அதுல எழுத ஒண்ணுமில்ல. நீலத்துக்குத்தான் பதில் எழுதணும்."

"என்னன்னு எழுதுவ?"

"அதான் தெரியல. ரெபேக்காக்கா அன்னைக்கு உன்னைத் தூக்கிட்டு ஓடுனதை இங்கிலீசுல எப்படி எழுதுறதுன்னு உக்காந்திருக்கேன்."

ராமுத்தாய் புத்தகத்தை அவன் மடியிலிருந்து வாங்கி, கோணி ஊசியின் முனையால் முதல் முடிச்சை நெம்பினாள். நல்ல இறுக்கமாகத் தைத்திருந்தாள். சணல் லேசில் விடவில்லை. உள்ளேயிருந்து ரெபேக்காள் மூன்று டம்ளர் காப்பியோடு வந்து, "என்ன தாயி தையலைப் பிரிக்கிற?" என்றாள்.

"சிவப்பு திரும்பிப் போகணும்க்கா. நீலம் இங்க இருக்கட்டும்" என்றாள் ராமுத்தாய். "இப்படி உக்காருங்க. மச்சான் எழுதட்டும், நீங்க இங்கிலீசு எழுத்துக் கூட்டுவீங்கள்ல, எது எதுன்னு பாத்துப் பிரிச்சுக் குடுங்க. நான் தைக்கிறேன்."